நூறாண்டுக் கோப்பும் சித்தப்பாவின் வழக்கும்

வேலூர் மாவட்டத்திலிருந்து முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பழைய குடியாத்தம் தாலுக்காவில் 1880 முதல் 1930 வரை ஏரிகளை யார், எப்படி நிர்வகித்தார்கள் என்பதே அவருடைய ஆய்வேட்டின் பொருள். முதலில் அவர் ஒரு வருவாய் அலுவலகத்துக்குப் போய், 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டத்தைக் குறிப்பிட்டு, 'எங்கள் ஊர் ஏரி தொடர்பான எல்லாக் கோப்புகளையும் காட்ட வேண்டும்' என்று மனு கொடுத்தார். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, தவிரவும் இவை ரகசியக் கோப்புகள், வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து ஒரு கோப்பைக் கண்டெடுத்தார். ஏரி உள்வாய் (ஏரிக்குள் நீர் பரவும் பகுதி) நிலத்தைப் பணம் வாங்கிக்கொண்டு தன் உறவினர்களுக்கு விட்டுக்கொடுத்ததாக ஊர்க் கணக்கப்பிள்ளை மீது தாசில்தார் எழுதிய அறிக்கை அதில் இருக்கிறது. அந்தக் கணக்கப்பிள்ளையின் வாரிசுகள் இன்றும் மூன்று தெரு தள்ளி வசிக்கிறார்கள். அனுமதி கேட்காமல் சில பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்ததாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். அந்தப் படங்களைப் பார்த்த சித்தப்பா, தன் பாட்டனார் பெயர் ஒரு பக்கத்தில் இருப்பதைக் கண்டு, நடந்துகொண்டிருக்கும் தன் நில வழக்கில் போட அதைப் பிரதி எடுத்துத் தரச் சொல்கிறார். நெறியாளரோ, வம்பு வேண்டாம், அந்தக் கோப்பையே விட்டுவிடு என்கிறார். 'அரசாங்கப் பதிவைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? பார்த்ததை எழுதலாமா, கூடாதா?' என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள மாணவிக்கு,

உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் நினைத்த சட்டத்தின் வழியாக இல்லை. நீங்கள் கேட்ட விதத்திலும் அது கைகூடாது. வேலூர் உரிமையியல் நீதிமன்றங்களில் நில வழக்குகளுக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைந்தே என் தொழிலில் பாதி கழிந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பதிவறையில் உரிமையை மட்டும் சொல்லி நிற்பவருக்குக் கிடைக்கும் பதிலும், கோப்பின் எண்ணையும் தேதியையும் எழுதி நீட்டுபவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

எந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும்

நீங்கள் மேற்கோள் காட்டிய 1993ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளுக்கானது. 30 ஆண்டுகளைக் கடந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த, ரகசியம் என்று வகைப்படுத்தப்படாத ஏடுகளை ஆய்வாளர்களுக்குக் காட்டலாம் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. புதுதில்லிக்குப் போய் ரயில்வே கோப்பைக் கேட்டால் அது உதவும். தமிழ்நாட்டு வருவாய்த் துறை ஏட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே உங்களைத் திருப்பி அனுப்பிய அலுவலர் அந்த ஒரு செய்தியில் சரியாகத்தான் சொன்னார். ரகசியம் என்று சொன்னதுதான் சரியில்லை. நூறாண்டுக்கு முந்தைய ஏரி மராமத்துக் கோப்பில் நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் செய்தி என்ன இருக்க முடியும்?

மாநில அலுவலகத்தில் உங்களுக்குத் துணை வருவது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 8(3) பிரிவை மாணவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. விண்ணப்ப நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், சட்டமன்ற நாடாளுமன்ற உரிமைகள், அமைச்சரவை ஆலோசனைகள் ஆகிய மூன்று விலக்குகளைத் தவிர வேறு எந்த விலக்கையும் காட்டி மறுக்க முடியாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்கவும் கூடாது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

இருந்தாலும் அதை முதல் படியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இந்தச் சட்டப்படி அலுவலகம் தன்னிடம் இருக்கும் ஏட்டைத்தான் தர வேண்டும். உங்களுக்காக ஆராய்ந்து, தொகுத்து, காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை. '1890களில் ஏரி ஏன் தூர்ந்தது' என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மேல்முறையீடு வரை போனால் உங்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி கடந்துவிடும். அப்படியே விண்ணப்பிக்க நேர்ந்தால், தகவல் கேட்காமல் ஏட்டைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, சான்றிட்ட நகல் பெறுவது ஆகிய மூன்றும் அச்சட்டம் உரிமையென்று வரையறுத்தவைதான்.

எந்த ஏடு எங்கே இருக்கும்

வேலூர் ஊரைப் பற்றிய ஏடு வேலூரில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் வழிதவற வைக்கும் நம்பிக்கை. 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து நாடு கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்த பிறகு வட ஆற்காடு மாவட்டம் உருவானது. அதன் தலைநகரம் நெடுங்காலம் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகே வேலூர் தலைநகரமானது. அதே ஆண்டில் திருப்பத்தூர்ப் பக்கம் சேலம் மாவட்டத்திலிருந்தும், திருவண்ணாமலை தென் ஆற்காட்டிலிருந்தும் நம்மோடு வந்து சேர்ந்தன. வாணியம்பாடியைப் பற்றி 1880ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்று வேண்டுமென்றால் சேலம் மாவட்டத் தொகுதிகளில் தேட வேண்டும். அதை வட ஆற்காட்டில் தேடிக் காணாமல், அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பின்னர் 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஒவ்வொரு பிரிவினையின்போதும் சில ஏடுகள் இடம்பெயர்ந்தன, சில பழைய இடத்திலேயே தங்கின. உங்கள் காலகட்டம் 1911இன் இரு பக்கமும் விரிவதால், ஒரே ஊருக்கு இரண்டு தலைநகரங்களின் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எந்த அலுவலகம் அந்தக் காகிதத்தை எழுதியது என்ற கேள்வி. கிராமத்தில் கணக்கப்பிள்ளை எழுதியவை சாகுபடிக் கணக்கான அடங்கலும் நிலவுடைமைக் கணக்கான சிட்டாவும். தாசில்தாரின் அறிக்கை கலெக்டருக்குப் போகும். கலெக்டர் தன் கருத்தைச் சேர்த்து வருவாய் வாரியத்துக்கு எழுதுவார். விஷயம் பெரிதானால் அது அரசாணை வரை போகும். வருவாய் வாரியம் 1786 முதல் 1980 வரை இயங்கியது. அதன் நடவடிக்கைத் தொகுதிகள் எழும்பூரில் இருக்கின்றன. வாரிய நடவடிக்கைக்குள் கலெக்டரின் கடிதமும், அதற்குள் தாசில்தாரின் அறிக்கையும் இணைப்பாக வந்திருப்பது வழக்கம். அதனால்தான் தாலுக்காவில் கிடைக்காத தாசில்தார் அறிக்கை உங்களுக்குச் சென்னையில் கிடைத்தது.

அங்கே பொருளைச் சொல்லி ஏடு கேட்க முடியாது. ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, துறை, எண், தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு எழுந்து வரும். நான்கு நாளில் ஒரு கோப்பு கிடைத்தது குறைவு என்று நீங்கள் வருந்துகிறீர்கள். முதல் பயணத்துக்கு அது நல்ல வேட்டை. காட்பாடியில் ரயிலேறுவதற்கு முன்பே, 1881இல் ஆர்தர் காக்ஸ் எழுதி, பின்னர் ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி 1894–95இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைப் படித்துவிடுங்கள். குடியாத்தம் அப்போது எப்படிப்பட்ட தாலுக்காவாக இருந்தது என்பதும், எந்தச் சொல்லால் அட்டவணையில் தேட வேண்டும் என்பதும் அதிலிருந்து பிடிபடும்.

தாலுக்கா, கலெக்டர் அலுவலகக் கோப்புகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. முடிந்த கோப்பின் மேல் ஆர்.டிஸ். என்று இருந்தால் அது நிரந்தரமாக வைக்க வேண்டியது, டி.டிஸ். 10 ஆண்டு, கே.டிஸ். 3 ஆண்டு, எல்.டிஸ். ஓராண்டு. 'கோப்பு இல்லை' என்ற பதில் வந்தால் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளுங்கள். காலக்கெடு முடிந்து அழித்திருந்தால் அழித்ததற்கான பதிவைக் காட்டச் சொல்லலாம். ஆர்.டிஸ். கோப்பு என்றால் அழித்துவிட்டோம் என்ற பதிலோடு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை.

பத்திரங்களையும் பார்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்; உயில்கள் உள்ள 3ஆம் புத்தகத்துக்கும் இதர ஆவணங்கள் உள்ள 4ஆம் புத்தகத்துக்கும் அந்தத் திறப்பு இல்லை.

பசலி பற்றி ஒரு திருத்தம்

கணக்கு 'பசலி 1302' (பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) என்றும் மேலதிகாரியின் உத்தரவு 1893 மே மாதம் என்றும் இருப்பதால் இரண்டில் ஒன்று போலி என்று சந்தேகப்படுகிறீர்கள். போலி எதுவும் இல்லை. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஆகவே பசலி 1302 என்பது 1892 ஜூலை முதல் 1893 ஜூன் வரை. மே மாத உத்தரவு அதே பசலிக்குள் அடங்குகிறது. நீங்கள் நாட்காட்டி ஆண்டை வைத்துப் போட்ட மழைக்கணக்கு அட்டவணையையும் இதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையும் அதற்கடுத்த கோடையும் ஒரே பசலியில் வருவது ஏரியை ஆராய்பவருக்கு ஒரு வசதியும்கூட.

கைப்பேசிப் படங்கள்

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பதிப்புரிமை வேறு, காப்பகத்தின் வாசிப்பறை விதி வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. கோப்பிலிருந்து சில பத்திகளை எண், தேதியுடன் மேற்கோள் காட்டுவதில் சிக்கல் இல்லை. ஆனால் அனுமதியின்றிப் படம் எடுத்தது அந்த இடத்தின் ஒழுங்கை மீறிய செயல். சட்டம் மேற்கோளை அனுமதிப்பதால் அது சரியாகிவிடாது. அந்தப் படங்களை ஆய்வேட்டில் அச்சிட வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது அதே பக்கங்களுக்கு முறைப்படி நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். வாசிப்பறைக்குப் பேனாவை விட்டுப் பென்சிலோடு போவதும் நல்லது; நூறாண்டுத் தாளில் ஒரு சொட்டு மை விழுந்தால் உங்களுக்குப் பின் வருபவருக்கு அந்த வரி கிடையாது.

கணக்கப்பிள்ளையின் பெயர்

இறந்துபோனவரைப் பற்றி என்ன எழுதினாலும் அவதூறு ஆகாது என்று உங்கள் வகுப்புத் தோழர் சொன்னது முழுவதும் சரியில்லை. உயிரோடு இருந்தால் அவருடைய நற்பெயரைக் கெடுத்திருக்கக்கூடிய குற்றச்சாட்டை, அவர் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அது அவதூறாகலாம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு விளக்கம் சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுநலத்துக்காக, நல்லெண்ணத்தோடு, ஆதாரம் காட்டி எழுதும் வரலாற்றுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆகவே கோப்பையே விட்டுவிடச் சொல்லும் நெறியாளரின் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான் என்றாலும், அவர் சொல்லும் அளவுக்குப் போக வேண்டியதில்லை.

எனக்கு நீங்கள் அனுப்பிய ஆய்வேட்டு வரைவில் உறுத்தியது வேறொன்று. 'கணக்கப்பிள்ளை பணம் வாங்கிக்கொண்டு ஏரியை விற்றார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பில் இருப்பதோ தாசில்தார் அப்படி அறிக்கை எழுதினார் என்பதுதான். கணக்கப்பிள்ளை கொடுத்த விளக்கம் எங்கே? கலெக்டர் என்ன முடிவு செய்தார்? அடுத்த ஜமாபந்தியில் (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) அவர் அதே வேலையில் இருந்தாரா? தாசில்தாருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடையே பகை இருந்திருக்கலாம். வசூல் குறைந்ததற்குத் தாசில்தாரே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். நீதிமன்றத்தில் ஒரு தரப்பு மனுவை மட்டும் படித்துவிட்டு யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அரசாங்கக் காகிதம் என்பதால் அது சொல்வதெல்லாம் நடந்ததாகிவிடாது. அப்படி ஓர் அதிகாரி எழுதினார் என்பதற்கு மட்டுமே அது உறுதியான சான்று. இணைப்புக் கோப்புகளைத் தேடிப் பார்த்துவிட்டு, 'தாசில்தாரின் அறிக்கை குற்றஞ்சாட்டுகிறது' என்ற அளவில் எழுதுங்கள். உங்கள் வாதத்துக்குப் பதவியே போதும். தனிப்பெயர் தேவைப்படாத இடத்தில் 'ஊர்க் கணக்கர்' என்றே குறிப்பிடலாம். கோப்பின் எண்ணை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் மறைக்காதீர்கள்.

சித்தப்பாவின் வழக்கு

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. சித்தப்பாவின் பாட்டனார் பெயர் உள்ள பதிவின் குறிப்புக் கலத்தில் 'ஏரி உள்வாய், ஏக்சால் குத்தகை' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் இருப்பதால் நிலம் அவருடையது என்பது நிரூபணமாகிவிட்டதாகக் குடும்பத்தில் எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். ஏக்சால் குத்தகை என்றால் ஒரு சாகுபடி ஆண்டுக்கு மட்டும் அரசாங்கம் விட்ட குத்தகை. அந்தப் பதிவு, நிலம் அரசாங்கத்தின் ஏரிப் பொறம்போக்கு என்றும், பாட்டனார் அதில் ஓராண்டு பயிரிட அனுமதி பெற்றவர் என்றும்தான் காட்டுகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பட்டா நிலம் என்று வழக்குரையில் சொல்லியிருந்தால், இந்த ஏடு எதிர்த்தரப்புக்குத்தான் பயன்படும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே நிலம்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த சர்வே எண் பழைய எண். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல எண்கள் உட்பிரிவாகி மாறியிருக்கின்றன. பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த வழக்கறிஞரும் அதைக் கையில் எடுக்க மாட்டார். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே சொத்துரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன என்பதையும் சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கைப்பேசிப் படத்தின் பிரதி நீதிமன்றத்தில் நிற்காது. பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல்தான் வேண்டும். தேவையென்றால் அவரே தன் பெயரில், தன் வழக்கறிஞரின் ஆலோசனையோடு, நகல் மனு போட்டு வாங்கட்டும். ஆய்வாளராக உள்ளே போய் எடுத்ததை வழக்குக்குக் கொடுத்தால், நாளைக்கு அது எப்படிக் கிடைத்தது என்று சாட்சிக் கூண்டில் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஆனால் அந்தக் குறிப்பை மட்டும் வழக்கறிஞரிடம் இப்போதே தெரிவிக்கச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டே அதற்கு மாறாகச் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்வது அவருக்கு நல்லதில்லை.

அந்தப் பதிவை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓர் ஊரின் அந்த ஓர் எண் உங்கள் வாதத்துக்குத் தேவையில்லை என்றால் வேறு எண்களை எடுத்துக்காட்டலாம். அது உங்கள் தேர்வு. ஆனால் ஏரி உள்வாய்க் குத்தகைகளை எண்ணி அட்டவணை போட்டால், சொந்தக்காரர் என்பதற்காக ஒன்றைக் குறைக்கக் கூடாது. நெறியாளரிடம் இந்த உறவைச் சொல்லிவிடுங்கள். அவர் தயங்குவதற்கு உண்மையான காரணம், உங்கள் வீட்டு வழக்கு பற்றி அவர் காதுக்கு வேறு வழியில் எட்டியதாகவும் இருக்கலாம்.

அந்த வருவாய் அலுவலகத்துக்கு மறுபடி போகும்போது சட்டத்தின் பெயரில்லாமல் இப்படி ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள்: 'முதுகலை ஆய்வேட்டுக்காக, இன்ன கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டப்) பதிவேட்டையும், பசலி 1295 முதல் 1305 வரையிலான கிராமக் கணக்குகளில் இருப்பவற்றையும், அலுவலக நேரத்தில் அலுவலர் முன்னிலையில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க அனுமதி வேண்டுகிறேன். ஏடுகள் இங்கே இல்லையெனில் எந்த அலுவலகத்துக்கு, எந்த ஆண்டில் அனுப்பப்பட்டன என்பதைத் தெரிவிக்கவும்.' துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தையும் கல்லூரி அடையாள அட்டையின் நகலையும் இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து, ந.க. எண் (அலுவலகம் மனுவுக்குத் தரும் பதிவு எண்) போட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். ஜமாபந்தி நடக்கும் வாரங்களில் போகாதீர்கள். அப்போது பழைய கட்டை இறக்கித் தர அங்கே யாருக்கும் கை ஒழியாது. மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால், அதே வாசகத்தை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவாக மாற்றிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.